சத்தமில்லாமல் இறக்கியவள்

பட்டாசுக் கம்பெனியில் பழகிய கை எதையும் தொப்பென்று போடாது. வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைக்கும். சொர்ணலட்சுமிக்குப் பத்து வருஷப் பழக்கம். மருந்து அடைத்த குழாய்த் தட்டை வெறுங்காலோடு சுமந்துபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல இறக்கி வைப்பாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே போர்மேன் சொல்லிவிட்டார்: "கை தவறுச்சுன்னா நீயும் இருக்க மாட்ட, நாங்களும் இருக்க மாட்டோம், தாயி."

சாயங்காலம் பாண்டிச்செல்வம் அண்ணாச்சியின் ஜிம்முக்குப் போய் எடை தூக்குவாள். அவளையும் சேர்த்து அங்கே வருகிற எட்டுப் பேரும் கம்பெனி ஆட்கள்தான். தலைக்கு மேல் தூக்கிய எடையைத் தோளுக்கு இறக்கி, தோளிலிருந்து தொடைக்கு இறக்கி, முட்டியை மெல்ல மடக்கித் தரையில் வைப்பார்கள். "அஞ்சு வருசமாச்சு, என் தரையில ஒரு கீறல் கெடையாது" என்று அண்ணாச்சி போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அதிலும் சொர்ணம் இறக்குவது பூ வைப்பதுபோல இருக்குமாம்.

எட்டு மாதமாக அந்தப் பூவுக்கு முட்டி வலி. பஸ் படி ஏறினால் வலி, உட்கார்ந்து எழுந்தால் வலி. மதுரை டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிழியவில்லை, ஓய்வு எடும்மா என்றார். மூன்று மாதம் எடுத்தாள். வலி போனது. மறுபடி தூக்க ஆரம்பித்த பத்தாம் நாள், வெளியூர் போயிருந்த சொந்தக்காரர் மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இருக்கன்குடி மாரியம்மனுக்குத் தகட்டில் செய்த கால் வாங்கிப் போட்டாள். ஆத்தாளும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள் போல.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் மாவட்ட எடைதூக்கும் அணிக்குத் தேர்வு. அவளுக்கு அதுதான் முதல் போட்டி. முட்டி தாங்கினால் சரி, தாங்காவிட்டால் இனி எடையைத் தொடுவதில்லை. சொல்வதற்கு லேசாகத்தான் இருந்தது. ஆனால் பகல் முழுக்கப் பயந்து பயந்து வேலை பார்ப்பவளுக்கு அந்தச் சாயங்கால ஒரு மணி நேரம்தான் பயமில்லாத நேரம். அதுவும் போய்விட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும்?

அண்ணாச்சியும் ஜிம் ஆட்களும் பார்க்க வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். துணைக்கு ஷாஹிதா வந்திருந்தாள். அதே தெரு, ஒரே வயது, காலண்டர் அச்சகத்தில் வேலை. எடை தூக்குவதை அவள் நேரில் பார்ப்பது அன்றுதான்.

மேடையில் ஒவ்வொருத்தியும் தூக்கி முடித்ததும் எடையை அப்படியே கீழே விட்டாள். ரப்பர் தட்டுகள் இடிபோல விழுந்து துள்ளின. போனில் பார்த்தபோதெல்லாம் அதைத் திமிர் என்றே சொர்ணம் நினைத்திருந்தாள். நேரில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் தூக்கிப் போட்டது.

அவள் முறை வந்தது. முதல் முறை அறுபத்தெட்டு கிலோ. தூக்கினாள், மெல்ல இறக்கினாள். இரண்டாம் முறை எழுபத்தொன்று. தூக்கினாள், இறக்கினாள். முட்டிக்குள் தீக்கங்கை வைத்ததுபோல எரிந்தது. பெஞ்சில் வந்து உட்கார்ந்தவளால் காலை நீட்ட முடியவில்லை. தேர்வாக இன்னும் மூன்று கிலோ வேண்டும்.

"போதும், ஷாஹிதா. போயிருவோம்."

ஷாஹிதா தான் எடுத்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏ சொர்ணம், தூக்கும்போது ஒன் மொகம் சுளிக்கவே இல்ல. எறக்கும்போதுதான் சுளிக்குது. அவுகள்லாம் போட்டுர்றாக. நீ மட்டும் எதுக்கு முட்டியிலயே தாங்கி எறக்குற?"

"போட்டா..." என்று ஆரம்பித்தாள் சொர்ணம். போட்டால் என்ன? இது இரும்பும் ரப்பரும். மருந்து இல்லை. பயமில்லாத நேரம் என்று நினைத்த அந்த ஒரு மணி நேரமும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்தப் பயத்தைத்தான் முட்டி சுமந்திருக்கிறது.

மூன்றாம் முறைக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள்.

எழுபத்துநாலு கிலோ தோளுக்கு ஏறியது. அவள் ஒரு மூச்சு விட்டதும் தலைக்கு மேலே ஏறியது. கை பூட்டிக்கொண்டது. இறக்கச் சொல்லி மணி அடித்தது, தூக்கியது செல்லும் என்று மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. ஆனாலும் அவள் அப்படியே நின்றாள். உள்ளங்கை திறக்க மறுத்தது. வெறுங்காலோடு நடந்த பத்து வருஷமும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விடு, சொர்ணம்" என்றாள் ஷாஹிதா.

கம்பி தோளைத் தாண்டி இறங்கியதும் கையைத் திறந்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மேடை அதிர்ந்தது. அதிர்வு பாதத்தில் ஏறி நெஞ்சுவரை வந்தது. அடுத்தது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. புகையில்லை, அலறலில்லை. கண்ணைத் திறந்தபோது எடை இரண்டு தரம் துள்ளி, உருண்டு, சாதுவாகக் கிடந்தது. கை தவறினாலும் ஒன்றும் ஆகாத உலகம் ஒன்று இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. பார்த்துப் பார்த்து அவளுக்கு மலைப்புத் தீரவில்லை, அழுகை வந்தது.

மூன்றாவது வரிசையில் பாண்டிச்செல்வம் அண்ணாச்சியும் ஜிம் ஆட்கள் ஏழு பேரும் மற்றவர்கள் போட்டதற்கெல்லாம் அசையாமல் இருந்துவிட்டு, சொர்ணத்தின் கை விட்டதும் ஓடத் தயாராக வாசலைப் பார்த்து எழுந்து நின்றிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெல்ல, சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள்.