எலி தின்னாத தலை

இருளப்பனுக்கு வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. பகலில் தோட்டத்துக் கோப்பி மூட்டை ஏறும் தோள். முந்தின சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துப் பொம்மலாட்டத்தில் ராசா பொம்மையின் பாரமும் அதில்தான் இறங்கியது. சண்டைக் கட்டத்தில் ராசாவும் தளபதியும் முட்டியதும் ராசாவின் சுட்டமண் தலை சில்லுச் சில்லாகச் சிதறியது. சனம் சிரித்தது. அவனுக்கோ நூலில் பாரம் குறைந்த அந்த நொடியில் தோளுக்குக் கிடைத்த சுகம்தான் விடியும்வரை நினைவில் நின்றது.

இனி மண் ஆகாது. தோள் போனால் மூட்டை தூக்க முடியாது. தூக்காதவனுக்குக் கங்காணி கூலிக்குப் பேர் போடமாட்டான். பொம்மையை விடவும் மனசில்லை. ஹேவாஹெட்டத் தோட்டத் திருவிழாவுக்கு ஆட வருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். தலையின் அச்சு பத்திரமாக இருந்தது. அதில் எதை அடைப்பது? இலேசாகவும் இருக்க வேண்டும், முட்டினால் உடையவும் கூடாது. சுண்ணாம்பு இந்த ஈரத்தில் உதிரும். மெழுகு தீவட்டிச் சூட்டுக்கு முகம் கோணும்.

கந்தலைப் புளியங்கொட்டைப் பசையில் ஊறவைத்து அப்பலாம். ஆனால் மலையில் புளியமரம் ஏது? லயத்து வரிசையில் அடுத்த காம்பிரா அறையில் இருந்த பாப்பம்மா, சமையல் புளியிலிருந்து பொறுக்கி ஒரு சட்டி கொட்டை சேர்த்திருந்தாள். மழையில் பாதை அறுந்து, கண்டியிலிருந்து அரிசி வண்டி வராத நாட்களில் வறுத்துத் தின்பதற்கு.

"சட்டியோட கேக்குறீங்களேண்ணே, மழைக்கு எம் பிள்ளைக எதக் கடிக்கும்?"

"மழைக்கு முந்தித் திருப்பித் தந்துர்றேன்."

"ராசாவுக்கு மொகம் வேணுங்குறீங்க. கொண்டு போங்க."

தலை இறகு மாதிரி வந்தது. அடுப்புக்கு மேல் கட்டிக் காயவிட்டான். விடிந்து பார்த்தால் மூக்கைக் காணோம், ஒரு கன்னத்தையும் காணோம்.

"எலி," என்றாள் அவன் பெண்சாதி வீரம்மா. "மூக்கில்லாத ராசா எப்பிடி அரசாளுவாரு?"

பாப்பம்மாவும் எட்டிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. "நாங்க திங்க வச்சிருந்தது. எலிக்குந் தெரிஞ்சிருக்கு."

அந்தச் சொல் மூட்டை தூக்கும்போதெல்லாம் அவன் கூடவே ஏறியது. மனுசன் தின்பதை எலியும் தின்னும். நிலைக்க வேண்டுமானால் எந்தப் பசிக்கும் உதவாத பொருளாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பொருள் கோப்பி உமி. கண்டியில் கோப்பி குத்தும் இடத்தில் குவிந்து கிடக்கும். மாடு முகராது, எலி அண்டாது. கண்டிக்குப் போய்வரும் வண்டிக்காரர் பளீலிடம் சொன்னதும் ஒரு சாக்கு அள்ளி வந்தார். தண்ணீர் வாளியின் ஓட்டை அடைக்க வைத்திருந்த குங்கிலியப் பிசினில் ஒரு கட்டியையும் உடைத்துக் கொடுத்தார்.

"இத மட்டும் உருக்கினா கண்ணாடி மாதிரி வெடிக்கும். கொஞ்சம் ஆமணக்கெண்ணெய் ஊத்து."

"ஒங்க வாளி?"

"ஒழுகட்டும். ஒன்ட ராசாட தலை ஒடையாம நின்னாப் போதும்."

உமியை இடித்துச் சலித்து, உருகிய குங்கிலியத்தில் கிண்டி, சூடு ஆறுமுன் அச்சில் அமுக்கினான். விரல் வெந்தது. ஆறியதும் தலையை எடுத்து வாசல் கல்லில் போட்டான். குதித்து உருண்டது, உடையவில்லை.

ஹேவாஹெட்ட ஆட்டத்தில் குங்கிலியம் இளகாதிருக்கத் தீவட்டிகளைத் தள்ளி வைக்கச் சொன்னான். ராசா மூன்று தடவை முட்டியும் தலை நின்றது. மறுநாள் அந்தத் தோள் முணுமுணுக்காமல் மூட்டை ஏற்றியது. பாப்பம்மாவுக்குத் திருப்பித் தர, ஹேவாஹெட்டவிலேயே லயம் லயமாகப் புளியங்கொட்டை கேட்டிருந்தான். வைத்திருந்தவர்கள் மழைக்கென்றே வைத்திருந்தார்கள், யாரும் கொடுக்கவில்லை.

மழை முந்திக்கொண்டது. பாதை சரிந்தது. அரிசி வண்டி வரவில்லை. வீரம்மா தங்கள் பானையில் கிடந்த அரிசியில் பாதியைப் பாப்பம்மாவுக்கு அளந்தாள். அது ஒரு வேளைக் கஞ்சிக்கு ஆயிற்று.

மறுநாள் பாப்பம்மா வந்து, தொங்கிய ராசாவின் தலையை விரலால் தட்டினாள்.

"கெட்டியாத்தான் செஞ்சிருக்கீங்கண்ணே. ஒரு வாய்கூடக் கடிக்க முடியாது."

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது. பாப்பம்மாவுக்கு இருளப்பன் கொடுக்க வேண்டியது ஒரு சட்டி புளியங்கொட்டை. இன்னும் கொடுக்கவில்லை.