நேர்க்கோட்டில் ஒன்பது மணி நேரம்

அப்பாவின் இதயத்தில் அடைப்பு. இன்றைக்கே நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டும் என்று காலையில் டாக்டர் சொன்னார். அப்பா இசையவில்லை.

"பெரியவ வரட்டும். அவ முகத்தைப் பார்த்துட்டு உள்ள போறேன்."

அக்கா கடல் தாண்டி வேலையில் இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனாலும் தகவல் சொன்னதும் ஒரு வார்த்தை கேட்காமல் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

"எப்ப வருவாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

என் தம்பிக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். எதையும் முந்திக்கொண்டு சொல்வது அவன்தான். இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போனில் தட்டி, "ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பறக்க ஒன்பது மணி நேரம்" என்று வாசித்தான்.

லாரி ஓட்டியே நரைத்தவர் அப்பா. "வானத்துல வளைவு ஏது, செக்போஸ்ட் ஏது? ராத்திரிக்குள்ள வந்துடுவா" என்றார். ராத்திரிவரை பார்க்கலாம், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

மதியம் அக்கா கூப்பிட்டாள். வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

"டிக்கெட் கிடைச்சிருச்சுடா. நாளன்னைக்குக் காலைல வந்துடுவேன்."

"ஒன்பது மணி நேரம்தானே?"

"எவன் சொன்னான்?"

"ரேடியோ."

"போன்ல கோடு போட்டுப் பார்த்திருக்கான், கழுதை. அந்தக் கோட்டுல விமானமே கிடையாதுடா. முதல் விமானம் எதிர்ப்பக்கம் போகுது. அங்க இறங்கி, காத்துக் கிடந்து, மாறி வரணும். அவரை இப்பவே உள்ள அனுப்பு. எனக்காகப் படுத்திருந்து ஏதாவது ஆச்சுன்னா, நான் வந்து என்ன செய்ய?"

விஷயம் கேட்டதும் ரேடியோவின் முகம் வெளுத்துப்போயிற்று. "அண்ணா, அக்கா வந்துட்டே இருக்கான்னு அப்பாகிட்ட சொல்லிடலாமா?"

"ராத்திரி என்ன சொல்லுவ?"

நானே போய் அப்பாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"எதிர்ப்பக்கமா போறா?"

"ஆமாப்பா. வழியே அப்படித்தான்."

"என்கிட்ட வர்றதுன்னா அவளுக்கு எப்பவும் சுத்துதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உள்ள எவ்வளவு நேரமாகும்?"

"ஆறு மணி நேரம்ப்பா."

"அதுவும் ரேடியோ கணக்கா?"

ரேடியோ அழுதுகொண்டே சிரித்தான். அப்பா கையெழுத்துப் போட்டார். "அவ வரும்போது நான் முழிச்சிருக்கணும். டாக்டர்கிட்ட சொல்லிடு."

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிய சற்று நேரத்தில் அக்காவிடமிருந்து செய்தி வந்தது: 'ஏறிட்டேன். அப்பா?' 'உள்ள போயிட்டார்' என்று அனுப்பினேன். அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆறு மணி நேரம் கடந்தது. கதவு திறக்கவில்லை. ரேடியோ அவள் விமானத்தைப் போனில் தேடி எடுத்தான். அந்தச் சின்னப் புள்ளி எங்களைவிட்டு இன்னும் விலகிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரமாகும் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.