பார்லரில் ஒரு வாடை

அந்த அழகு நிலையத்துக்காரி சோப்பையும் ஷாம்பூவையும் கைவிட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வெறும் தண்ணீர் போதும், மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும் என்று ஏதோ ஒரு வீடியோவில் யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களுக்கெல்லாம் இதே உபதேசம்தான். ஷாம்பூ போட்டுப் பிழைக்கிற கடையில் நின்றுகொண்டே ஷாம்பூவைத் திட்டுகிற துணிச்சல் எல்லோருக்கும் வந்துவிடாது.

“தொட்டுப் பாருங்க, எப்படி மெத்துன்னு இருக்கு!” என்று தலையைக் குனிந்து காட்டுவாள். தொட்டவர்கள் “ஆமாமா” என்பார்கள். பிறகு ஓசைப்படாமல் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார்கள். அவள் கணவர் படுக்கையை ஹாலுக்கு மாற்றிவிட்டார். அங்கேதான் காற்று வருகிறதாம். அவளும் நம்பினாள்.

புருவம் திருத்துவதில் அவள் கெட்டிக்காரி. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முகத்துக்கு மேல் முகமாகக் குனிவாள். அவள் தலை, வந்தவர்களின் மூக்குக்கு நேராக வந்து நிற்கும். அவர்கள் கண்ணை இறுக மூடி மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வலி தாங்காத ஜென்மங்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் பாதிப் புருவத்தோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இங்க ஏதோ ஒரு வாடை. பழைய எண்ணெய்ச் சிக்கு மாதிரி.”

அழகு நிலையத்துக்காரியின் பார்வை நேராகச் சிட்டுவின் மேல் போய் விழுந்தது. சிட்டு அங்கே தலை அலசி விடுகிற பெண். வேறு எங்கேயும் பார்க்க வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றவே இல்லை.

“ஏய் சிட்டு, இன்னிக்கு குளிச்சியா?”

“குளிச்சேன்க்கா.”

“எங்க, கனவுலயா?”

கடையே சிரித்தது. அழகு நிலையத்துக்காரி வாசனை பாட்டிலை எடுத்து, அலமாரிக்குப் பூச்சி மருந்து அடிப்பதைப் போலச் சிட்டுவின் மேல் அடித்தாள். ஒரு சோப்புக் கட்டியையும் கையில் திணித்தாள்.

“ரெண்டு வேளையும் தேய்ச்சுக் குளி.”

“சோப்பே ஆகாதுன்னு சொல்லுவீங்களேக்கா?”

“அதெல்லாம் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு. உனக்கு ஒத்து வராது.”

சிட்டு தேய்த்தாள். கழுத்துத் தோல் உரிந்து எரிகிற அளவுக்குத் தேய்த்தாள். வாடை போகவில்லை. யாராவது மூக்கைச் சுளித்தால் போதும், “வெளிய போய் நில்லு, கடை காத்தாடட்டும்” என்று விரட்டப்படுவாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள். முதலாளியின் தலையைப் பார்ப்பாள். மூடிக்கொள்வாள். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் சிட்டுவின் வீட்டில் அடுப்பு எரிந்தது.

வாடிக்கையாளர்கள் குறையக் குறைய, ஒருநாள் சிட்டுவின் சீட்டும் கிழிந்தது. அதோடு விட்டாளா முதலாளி? தெரிந்த பார்லர்களுக்கெல்லாம் போன் போட்டாள். “அந்தப் பொண்ண மட்டும் சேர்த்துடாதீங்க. நாத்தம் குடலைப் புரட்டும்.” தொழிலுக்கு ஏதோ தொண்டு செய்துவிட்ட நிறைவு அவளுக்கு.

அடுத்த வாரம் வங்கி அம்மாள் மறுபடி வந்தார். கடையில் வேறு யாருமில்லை. இவள் நூலைக் கடித்துக்கொண்டு குனிந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இன்னும் அந்த வாடை போகலையே.”

“அவளத்தான் நிறுத்திட்டேனே மேடம்!”

“அந்தப் பொண்ணையா? அடப் பாவமே! நாறுறது உங்க தலைங்க. சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுப் பொதுவா சொன்னேன். நீங்க அவள வாட்டி எடுத்தப்பவும் வாயத் திறக்காம இருந்துட்டேன்.”

பல்லிலிருந்து நூல் நழுவியது.

அன்றைக்கே அவள் ஷாம்பூ போட்டுத் தலையை அலசு அலசென்று அலசினாள். தண்ணீர் கலங்கலாக ஓடியது. ஈரத் தலையோடு சிட்டுவின் வீட்டுக்குப் போனாள். சிட்டுவின் கழுத்தில் புண் கறுத்துக் கிடந்தது.

“உனக்குத் தெரியுமா?”

“உங்க தலைக்குத் தண்ணி ஊத்தினவ நான். எனக்குத் தெரியாதா? சம்பளம் குடுக்கிறவங்ககிட்ட அத எப்படிக்கா சொல்றது?”

“நாளைக்கே வேலைக்கு வந்துடு.”

“வேண்டாம்க்கா. போற எடத்துல எல்லாம் என்னைப் பார்த்ததும் மூக்கைப் பொத்துறாங்க. எங்கெல்லாம் போன் பண்ணீங்களோ, அங்கெல்லாம் மறுபடி பண்ணுங்க. நாறினது உங்க தலைதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்.”

அழகு நிலையத்துக்காரி போனை எடுத்தாள். முதல் பார்லரின் எண் வரைக்கும் போய் விரலை எடுத்துக்கொண்டாள்.

“கடை பேரு கெட்டுடுமேடி...”

சிட்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம்கூட மிச்சமில்லை.

“உங்க நாத்தம் ஒரு கை ஷாம்பூவுல போயிடுச்சு. நீங்க என் மேல பூசினது, நான் தோல் உரியத் தேய்ச்சும் போகல. தன் அழுக்கு தெரியாதவங்க அத எளியவங்க மேலதான் பூசுவாங்க. பூசினவங்களே வாயத் திறந்து சொன்னாத்தான்க்கா அது போகும்.”

கதவு சாத்தப்பட்டது. அழகு நிலையத்துக்காரி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தலை கமகமக்க வீட்டுக்கு நடந்தாள்.