கதவு ரப்பர்

அந்த வீட்டில் தவறு செய்யும் உரிமை பொருள்களுக்கு மட்டுமே இருந்தது. பால் பொங்கி வழிந்தால் அடுப்பின் திருகு சரியில்லை. சாவி காணாமல் போனால் அதை மாட்டும் கொக்கி சரியில்லை. கடைக்குப் போன வீட்டுப் பெரியவர் நெடுநேரம் கழித்து வெறும் பையோடு திரும்பினால் தெருவிளக்குகள் சரியில்லை. ‘மறந்துவிட்டார்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எவரும் உச்சரிப்பதில்லை. இதை யாரும் விதியென்று அறிவிக்கவில்லை. முதன்முறை பால் பொங்கியபோது அவர் மனைவி அடுப்பின்மேல் பழியைப் போட்டார். பிறகு மகள் கொக்கியின்மேல் போட்டாள். கணக்கு ஆசிரியரான மருமகனும் இந்தப் பொய்க்கணக்கைச் சீக்கிரமே கற்றுக்கொண்டான். பழுதாகாத பொருள்கள் அங்கே அடிக்கடி பழுதுபார்க்கப்பட்டன. அந்தக் கொக்கியையே இரண்டுமுறை மாற்றியாகிவிட்டது.

ஆகவே, இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, வாசலில் நின்ற காரின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி முழுவதும் இறங்கியிருப்பதைக் கண்ட அவர் மனைவி ஒரு கணமும் தயங்கவில்லை. கணவர் குளித்துவிட்டு வருவதற்குள் நொண்டிக்கொண்டே போய், சாவியைத் திருகிக் கண்ணாடியை மேலேற்றினார். இருக்கை ஊறிப் பொதபொதவென்றிருந்தது. காலடியில் தண்ணீர் குட்டையாகத் தேங்கி, அதில் ஒரு காய்ந்த இலை மிதந்துகொண்டிருந்தது.

“ஏங்க, கதவு ரப்பர் போயிடுச்சு போல. வண்டிக்குள்ள ஒரே தண்ணி,” என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.

தலை துவட்டிய துண்டோடு அவர் வந்தார். பணிக்காலம் முழுவதும் பேருந்து ஓட்டியவர். ஒரு கீறலும் விழாமல் ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பின் அவருக்கு எஞ்சியது ஒரே ஒரு பயணி. மூட்டு அறுவை செய்துகொண்ட மனைவியை இயன்முறை சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போய் வருவதுதான் இப்போது அவருடைய தடம். “கண்டக்டரம்மா, ஏறியாச்சா?” என்று அவர் கேட்பார். முன்பலகையில் இருமுறை தட்டி, “போலாம்” என்பார் மனைவி. அந்தத் தட்டல் கேட்காமல் வண்டி நகராது.

கதவைத் திறந்த அவர் இருக்கையின் சாய்மானத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். “மேலேயே நனைஞ்சிருக்கே,” என்றார்.

“தெறிச்சிருக்கும்,” என்றார் மனைவி, சற்று வேகமாக.

பெரியவர் காலடிக் குட்டையின் பக்கம் குனிந்தார். இலையை எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே போட்டார்.

கண்ணாடி மேலேறும் சத்தம் கேட்டிருந்த மகள் சமையலறையில் தன் கணவனிடம் தாழ்ந்த குரலில் பேசினாள். மருந்துக்கடையில் வேலை செய்பவள். முதியவர்களின் தடுமாற்றங்களை நாள்தோறும் முகப்பு மேசைக்கு அந்தப்பக்கம் பார்ப்பவள்.

“இன்னைக்குக் கண்ணாடி. நாளைக்கு பிரேக்னா? உள்ள உக்காந்திருக்கிறது எங்கம்மா.”

“ரப்பர்னு அத்தை சொல்லிட்டாங்களே.”

“ரப்பர் நெஜமாவே கசிஞ்சிருந்தா எனக்கு என்ன கவலை? அது மட்டும் இல்லன்னா சாவிய நான் வாங்கிடப் போறேன்.”

“எப்படிக் கேப்ப?”

சாவியைக் கேட்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல அந்த வீட்டில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

காரை உலர்த்தும் பணியைப் பெரியவரே ஏற்றுக்கொண்டார். நேற்றைய பகலுணவு என்னவென்று கேட்டால் திகைப்பவர், வண்டியின் உடற்கூற்றில் ஓர் ஆணியைக்கூடத் தவறவிடவில்லை.

“மாப்பிள்ளை, பேட்டரி ஒயரைக் கழட்டாம சீட்டுல கை வைக்காதீங்க. அடியில மஞ்சளா ஒண்ணு இருக்கு பாருங்க, அது ஏர்பேக் ஒயர். மூஞ்சி பஞ்சராயிடும்.”

“கழட்டிட்டேன் மாமா.”

“அப்ப கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அதுல மிச்சம் இருக்கிற கரன்ட் அடங்கட்டும். உங்க கிளாஸ் பசங்க அடங்குற மாதிரி இல்ல, இது நெஜமாவே அடங்கும்.”

காத்திருந்து போல்ட்டுகளைக் கழற்றி, ஒரு கிண்ணத்தில் போட்டு, முன்னிருக்கைகள் இரண்டையும் கூடத்துக்குத் தூக்கிவந்தார்கள். தரைவிரிப்பை ஓரத்திலிருந்து உரித்தபோதுதான் உண்மையான சேதம் தெரிந்தது. குட்டையை வழித்தெடுத்த பின் வெயில் பட்டு விரிப்பின் மேற்பரப்பு ஏறக்குறைய காய்ந்திருந்தது. அதன் அடியிலிருந்த தடித்த பஞ்சுப்படலம் மழையைக் குடித்துக் கனத்துக் கிடந்தது.

“மேல தொட்டுப் பாத்துட்டு காஞ்சிடுச்சுன்னு ஏமாந்துடக் கூடாது. இந்தப் பஞ்சு குடிச்சதை லேசுல கக்காது,” என்றார் பெரியவர். பழைய துண்டுகளைப் பஞ்சின்மேல் பரப்பி மருமகனை ஏறி மிதிக்கச் சொன்னார். துண்டு நனைய நனைய மகள் பிழிந்து கொடுத்தாள். வண்டியின் அடித்தளத்திலிருந்த ரப்பர் மூடிகளைப் பிடுங்கியதும் தேங்கிய நீர் கீழே வழிந்தது. விரிப்புக்கும் தகரத்துக்கும் இடையே மரக்கட்டைகளைச் செருகிக் காற்றுக்கு வழிசெய்தார். மேசை விசிறியை முக்காலியின்மேல் ஏற்றிக் கதவோரம் வைத்தார். உட்புறத்திலிருந்து ஈரச்சாக்கின் வாடை கிளம்பித் தெருவரைக்கும் வந்தது.

கூடத்தில் வேறொரு காட்சி. துண்டு விரித்த ஓட்டுநர் இருக்கையில் அவர் அமர, பக்கத்து இருக்கையில் மனைவி காலை நீட்டிக்கொண்டார்.

“எங்கம்மா போறோம்?”

“உங்க சம்பளத்துக்கு எங்க போக முடியும்? சமையல்கட்டு வரைக்கும் விடுங்க.”

அவர் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பினார். மகள் சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில நாள்கள் இப்படிக் கழிந்தன. ஒரு ஞாயிறு பகலில் பஞ்சை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்த பெரியவர், கை ஈரமாகாததைக் கண்டு தலையசைத்தார். மருமகன் இருக்கையைத் தூக்கக் குனிந்தான்.

“அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. கசிவு எங்கன்னு கண்டுபிடிக்காம சீட்டை மாட்டுனா, அடுத்த மழைக்கு மறுபடி கழட்டணும். ஓட்டைப் பானைக்கு மூடி எதுக்கு? நான் உள்ள உக்காந்து டார்ச் அடிச்சுப் பாக்குறேன். நீங்க வெளியில இருந்து பைப்புல தண்ணி பீச்சுங்க.”

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்லும்போது யாரும் இந்தச் சோதனையைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

இருக்கை இருந்த இடத்தில் குட்டை முக்காலியைப் போட்டு அவர் அமர்ந்தார். அமர்ந்ததும் பழக்கத்தால் கை மேலே போய், பின்னால் பார்க்கும் உட்புறக் கண்ணாடியைத் தன் பார்வைக்கேற்பத் திருப்பிக்கொண்டது. கதவுகள் மூடப்பட்டன. மருமகன் நீரைப் பீச்சினான்: கூரையோரம், கண்ணாடிச் சட்டம், கதவின் கீழ்விளிம்பு. உள்ளே டார்ச் வெளிச்சம் ரப்பரின் ஒவ்வொரு வளைவையும் நிதானமாகத் தொட்டுச் சென்றது. ஒரு சொட்டும் இறங்கவில்லை.

வாசற்படியில் மகள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். “கசியுதாங்க?” என்று கணவனைக் கேட்டாள். அந்தக் கேள்வியின் பொருள் அவனுக்குத் தெரியும். இல்லையென்றால் இன்று சாவி கைமாறும். கூடத்தில் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிய கைகள் அவன் நினைவுக்கு வந்தன.

அவன் வாளியிலிருந்த கழுவும் ஸ்பாஞ்சை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டான். “பின்பக்கம் ஒருதடவை பாத்துடுறேன் மாமா,” என்று ஓட்டுநருக்குப் பின்னிருந்த கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டி, சட்டத்தின் மேல்மூலையில் கையை வைத்து இறுகப் பிழிந்தான். நீர் கோடாக இறங்கிச் சற்றுமுன்தான் காய்ந்திருந்த பஞ்சில் சொதசொதவென்று விழுந்தது. ஸ்பாஞ்சு எவ்வளவு குடித்திருக்கும் என்பதை அந்தக் கணக்கு ஆசிரியர் கணக்கிடவில்லை.

“இதோ! இங்க கசியுது மாமா!”

பெரியவர் திரும்பவில்லை. நிமிர்ந்து அந்த உட்புறக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்தில் பயணச்சீட்டு வாங்காமல் பின்வாசலில் தொற்றியவர்களையெல்லாம் அதே பார்வையால் கண்டுகொண்டவர். மருமகன் தலைநிமிர்ந்தபோது இருவரின் கண்களும் அந்தச் சிறிய கண்ணாடியில் சந்தித்தன. ஸ்பாஞ்சிலிருந்து கடைசிச் சொட்டு அவன் முழங்கைவழியே சட்டைக்குள் இறங்கியது.

“மாப்பிள்ளை,” என்றார் அவர், மென்மையாக. “பின்கதவுல கசிஞ்ச தண்ணி முன்சீட்டு மேல எப்படி ஏறும்? கணக்கு வாத்தியார் நீங்க. சொல்லுங்க.”

அவன் ஸ்பாஞ்சை மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

“பஞ்சு காய எத்தனை பாடு. மறுபடி நனைச்சுட்டீங்களே.” அவர் குரலில் கோபம் இல்லை. கை பின்னால் நீண்டு அவன் ஈரக் கையைப் பற்றி ஒருமுறை அழுத்தியது. “என் வண்டி ஓடணும்னு உங்களுக்கு அவ்வளவு ஆசையா?”

“மாமா, நான்...”

“கையைத் துடைச்சுட்டு வாங்க. எல்லாரும் உள்ள வாங்க.”

கூடத்துக்கு வந்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். மனைவி வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தார். தட்டப் போன அவர் கை, முன்பலகை இல்லாத வெற்றிடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மடிக்குத் திரும்பியது. பெரியவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

அவள் எத்தனையோ முறை மனத்துக்குள் கேட்டுப்பார்த்த சாவி அது. இப்போது வாங்கக் கை வரவில்லை. நெடுநாள் பழக்கம் அவளுக்குமுன் பேசிவிட்டது.

“எதுக்குப்பா எங்கிட்ட? கொக்கி மறுபடி சரியில்லயா? வேற மாத்திடலாம்.”

“கொக்கி நல்லாத்தான் இருக்கு.” அவர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினார். “அடுப்பும் நல்லாத்தான் இருந்துச்சு. தெருவுல எல்லா லைட்டும் எரியுது.”

“ஏங்க, ரப்பர் ரொம்பப் பழசு...” என்று தொடங்கினார் மனைவி.

“ரப்பரைப் போய்க் குத்தம் சொல்லாத கண்டக்டரம்மா. பாவம், அது வாயில்லாத ஜீவன்.” அவர் மனைவியின் கையை எடுத்துத் தன் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார். “நாளைக்கு உன்னை இவ கூட்டிட்டுப் போகட்டும். நானும் வரேன், பின்சீட்டுல. வர்ற வழியில என்னை டாக்டர்கிட்ட காட்டுங்க.”

“டாக்டர்கிட்ட என்னன்னுப்பா சொல்றது?” என்றாள் மகள்.

“உள்ளதைச் சொல்லு. கண்ணாடியை இறக்கினது எனக்கு ஞாபகம் இல்ல. ஏத்தாம விட்டதும் ஞாபகம் இல்ல. ஆனா மழை வேற வழியா உள்ள வரல.” அவர் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். “நான் மறந்துட்டேன். அடிக்கடி மறந்துடுறேன்.”