ஒரு வரி குறைந்த தீர்ப்பு

அன்று கோர்ட் ஹாலில் இருந்தவர்கள்: செஷன்ஸ் நீதிபதி. அவர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் ஸ்டெனோ அம்மாள். அரசு வக்கீல். எங்கள் வக்கீல் சிவசங்கரன். கடைசி பெஞ்சில் ஜெபமாலையோடு என் அம்மா டோரீன். கான்ஸ்டபிள் கோவிந்தப்பா, அவர் பிடியில் என் தம்பி டிரேவர். பிறகு நான், ஓஸ்வால்ட். 1999 பிப்ரவரி, பெங்களூர்.

டிரேவர் இரண்டு பைக் திருடினான். அதில் சந்தேகம் இல்லை. ஒன்று பிரேசர் டவுனில், ஒன்பது நாள் கழித்து இன்னொன்று அடுகோடியில். மெக்கானிக் வேலை பார்த்தவன். சாவி இல்லாமல் வண்டியைக் கிளப்ப அவனுக்கு அரை நிமிஷம் போதும். பிடிபட்டபோது இரண்டு வண்டியும் எங்கே நிற்கிறது என்று அவனே காட்டினான். போலீஸ் ஸ்டேஷன் வேறு வேறு என்பதால் வழக்கும் இரண்டு, கோர்ட்டும் இரண்டு. முதல் கோர்ட்டில் 1997 மார்ச்சில் இரண்டு வருஷம் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டாவது வழக்கு வந்தது. அதற்கு நாங்கள் வக்கீல் வைக்கவில்லை. நான் இருந்தேன்.

ஈவினிங் காலேஜில் இரண்டு வருஷம் சட்டம் படித்துவிட்டு நின்றவன் நான். அப்போது ஓசூர் ரோட்டில் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் நைட் ஷிப்ட். சட்டப் புத்தகத்தைவிட தீர்ப்புகளைத்தான் அதிகம் படித்திருந்தேன்; அவை கதை மாதிரி இருக்கும். ஒன்றுக்கு மேல் தண்டனை போட்ட தீர்ப்புகளில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: தண்டனைகள் ஏககாலத்தில் நடக்கும். அதனால் அதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். யாரோ ஒரு வக்கீல் எழுந்து கேட்டதால்தான் அந்த வரி வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜெயிலில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அவனிடம் சொன்னேன்.

"ஒத்துக்கடா. ரெண்டும் சேந்துதான் ஓடும். பெருசுக்குள்ள சின்னது அடங்கிடும்."

"கரெக்டா தெரியுமாண்ணா?"

"படிச்சவன் சொல்றேன்ல."

ஒத்துக்கொண்டான். ஒன்றரை வருஷம். தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டிருக்கிறார். இவன் ஒன்றுமில்லை என்றிருக்கிறான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

1998 கிறிஸ்துமஸ் வாரத்தில் மனு போட்டு டிரேவரைப் பார்க்கப் போனபோது, மார்ச்சில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று ஜெயில் ஆபீசில் கேட்டேன். கிளார்க் முனிகிருஷ்ணன் தண்டனை வாரண்ட் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மார்ச்னு யாரு ஹேளித்து, யாரு சொன்னது? இவன் ரெண்டாயிரம் செப்டம்பர்ல."

முதல் தண்டனை முடிந்த அன்று இரண்டாவது ஆரம்பம் என்று விளக்கினார். சேர்ந்து ஓட வேண்டும் என்றால் இரண்டாவது உத்தரவில் அப்படி ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லை. தான் சேர்த்து எழுத முடியாது. அவர் குரலில் கோபமும் இல்லை, பரிதாபமும் இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

அன்று ஷிப்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திறந்து 427-வது பிரிவைப் படித்தேன். சின்னப் பிரிவு. படிக்க ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தை ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் செலவழித்திருக்கலாம்.

மர்பி டவுனில் சிவசங்கரன் வீட்டு முன்னறைதான் அவர் ஆபீஸ். குற்றத்தை ஒத்துக்கொண்டவன் தண்டனை அளவை மட்டும் எதிர்த்து அப்பீல் போகலாம் என்றார். கெடு முடிந்து வெகு காலம் ஆகிவிட்டதால், ஏன் இவ்வளவு தாமதம் என்று காரணம் காட்ட வேண்டும்.

"காரணம் நீங்கதான். உங்க பேர்லயே ஒரு அஃபிடவிட் போடணும். என்ன சொன்னீங்க, என்ன தகுதியில சொன்னீங்க, ரெண்டும் அதுல இருக்கணும். அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது. கோர்ட் அநியாயம் செய்துவிட்டது என்று அவள் சேசுவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். டிரேவர் என் பெயரை வாயில் எடுக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

ஆகவே பிப்ரவரியில் அந்த ஹாலில், என் அம்மா முன்னிலையில், அரசு வக்கீல் என் அஃபிடவிட்டை நிறுத்தி நிதானமாக வாசித்தார். இரண்டாம் ஆண்டோடு நின்ற மாணவர் இலவசமாகத் தந்த சட்ட ஆலோசனை என்று சொல்லி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஸ்டெனோ அம்மாளும் கோவிந்தப்பாவும் சிரித்துவிட்டார்கள். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. ஜெபமாலை உருளும் சத்தம் நின்றது மட்டும் கேட்டது.

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். வண்டி பறிகொடுத்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் வேலைக்கு நடந்து போனார்கள். ஒருவர் நடந்ததில் மற்றவர் நடந்தது கழியாது. அப்படியிருக்க, இரண்டாவது திருட்டு மட்டும் ஏன் இலவசமாக வேண்டும்?

சிவசங்கரன் சுருக்கமாகப் பேசினார். இரண்டும் ஒன்பது நாளுக்குள் நடந்தவை, இரண்டிலும் ஒத்துக்கொண்டான், வண்டிகள் உரியவர்களிடம் திரும்பிவிட்டன, முன்பு வழக்கே கிடையாது. கேட்கத் தெரியாததற்கு ஒன்றரை வருஷம் அதிகம் என்றார்.

நீதிபதி டிரேவரைப் பார்த்தார். சேர்ந்து ஓடாது என்று அண்ணன் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா என்று கன்னடத்தில் கேட்டார்.

மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம். எங்கள் அப்பீலே அதன் மேல்தான் நின்றது. டிரேவர் யோசித்தான். அவன் யோசித்தால் கீழ் உதட்டைக் கடிப்பான்.

"ஒத்துக்கிட்டிருப்பேன் சார். எடுத்தது நான்தானே."

சிவசங்கரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா ரெண்டையும் சேத்துப் போடுங்கன்னு கேட்டிருப்பேன். அன்னைக்குக் கேக்கத் தெரியல. இப்பக் கேக்குறேன்."

கோவிந்தப்பா அவன் கையை லேசாக இழுத்தார், போதும் என்பதுபோல. நீதிபதி காகிதங்களைத் திரும்ப ஒருமுறை புரட்டினார். மின்விசிறி தலைக்கு மேலே தட்டிக்கொண்டு சுற்றியது. பிறகு ஸ்டெனோ பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தார். தாமதம் மன்னிக்கப்படுகிறது. தீர்ப்பு உறுதி செய்யப்படுகிறது. தண்டனை அளவில் மாற்றமில்லை. அங்கே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் தண்டனை, முதல் வழக்கின் தண்டனையோடு ஏககாலத்தில் நடந்ததாகக் கொள்ளப்படும்.

அவ்வளவுதான், ஒரு வரி. ஸ்டெனோ அம்மாள் பென்சிலைச் சீவ எடுத்துக்கொண்டாள்.

வெளியே படிக்கட்டில் அம்மா என்னை நிறுத்தினாள்.

"பாதி படிச்சவன் பாதியோட வாய மூடிக்கணும். இல்ல, மீதியப் படிக்கணும்."

அடுத்த மூன்று வாரம் பேசவில்லை. ஆனால் நான் பட்டறையிலிருந்து காலையில் திரும்பும்போது டிபன் மூடி வைத்திருந்தது. ஈவினிங் காலேஜில் விட்ட இடத்திலிருந்து சேர முடியுமா என்று ஒரு நாள் போய்க் கேட்டேன். ஜூனில் வரச் சொன்னார்கள்.

விடுதலை நாளன்று முனிகிருஷ்ணன் செஷன்ஸ் உத்தரவை வாரண்டோடு சேர்த்து நூல் கட்டி வைத்திருந்தார். பழைய தேதி அடிக்கப்பட்டு மேலே மார்ச் என்று சிவப்பு மையில் இருந்தது. "ஈக சரி" என்றார், இப்போது சரி என்று. அன்றைக்கும் குரலில் ஒன்றுமில்லை.

பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு. குனிந்துதான் வர வேண்டும். டிரேவர் தலையை இடித்துக்கொண்டு வந்தான். போன வருஷக் கிறிஸ்துமஸுக்கு அம்மா கொடுத்த சட்டை, இளைத்த தோளில் தொளதொளவென்று தொங்கியது. அம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். நான் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

"அண்ணா, அடுத்த தடவ வக்கீலக் கேட்டுக்குறேன்."

"அடுத்த தடவ ஒண்ணு இருக்காடா?" என்றாள் அம்மா.

"இல்ல மம்மி. சும்மா சொன்னேன்."

நடக்கத் திரும்பினோம். அவன் மட்டும் நகரவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டியபடியே காத்திருந்தான். உள்ளேயிருந்து காவலர் சின்னக் கதவை இழுத்துச் சாத்தி, தாழைப் போட்டு, பூட்டில் சாவியைத் திருப்பினார். இரண்டு வருஷமாக உள்ளேயிருந்து கேட்ட அந்தச் சத்தத்தை வெளியே நின்று கேட்ட பிறகுதான் டிரேவர் காலை எடுத்து வைத்தான்.