நாற்பது நிமிட வேலை

கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கப்பல் பேச்சு. பழைய உல்லாசக் கப்பல் ஒன்றைப் பத்து மாதம் கரையில் நிறுத்திப் புதுப்பித்திருந்தார்கள். அதில் உழைத்தவர்களுக்கெல்லாம், ஜோடியாக, முதல் பயணத்தில் ஏழு நாள் இலவசம். வருகிறீர்களா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம்! ஆனால் கடிதம் யார் பெயருக்கு வந்ததோ அந்த மனிதர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் தச்சர். அந்தக் கப்பலின் அறைகளுக்குக் கதவு மாட்டியவர். வேலையிடத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். கதவுக்கும் நிலைக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் என்றால் மூன்றுதான். மூன்றரை ஆகிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட வாசற்கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

"எனக்குத் தண்ணி ஒத்துக்காது" என்றார் முதல் நாள். "ஏழு நாள் லீவு தரமாட்டாங்க" என்றார் மறுநாள். மூன்றாம் நாள் முட்டிவலி வந்தது. மனைவி எதற்கும் மசியவில்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. கார் நிறுத்தும் தளத்துக்கும் கீழே இருக்கிறது அது. இருபத்திரண்டு வருஷமாக ஜன்னல் இல்லாத அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே மழையா வெயிலா என்பதை மேலேயிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். வீட்டில் ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம்.

"காலையில கண்ணு முழிச்சா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இருக்கக் கூடாதுங்க. சுவரு, குழாய், ஏசி பெட்டி, எதுவுமே. அவ்வளவுதான் நான் கேக்கறது" என்றாள்.

அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இருந்தும் முட்டியைத் தடவிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உண்டென்றால் அது செல்போன் ரிப்பேர் மட்டும்தான். வந்ததும் சோபாவில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"போகாதக்கா. மாமா சொல்றதுதான் கரெக்ட். கெழட்டுக் கப்பலுக்கு மேக்கப் போட்டு விட்டிருக்கானுங்க. உள்ளே பூரா ஓட்டை ஒடசலாத்தான் இருக்கும்."

வலிய வந்த உதவி. 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் மச்சினன் இன்னும் ஒரு படி மேலே போனான்.

"அதுலயும் இந்தக் கதவு கிதவெல்லாம் சும்மா பேருக்கு ஒட்டி வெச்சிருப்பானுங்க."

அவ்வளவுதான், மனிதருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எதைப் பாத்துப் பேருக்குன்ற? தரையைப் பேத்து, இரும்பு வரைக்கும் சுரண்டிப் புதுசா போட்டிருக்கு. ஒவ்வொரு குழாயும் மாத்தியிருக்கு. நான் மாட்டுன கதவு மட்டும் முன்னூத்தி நாப்பது! ஒத்தை விரலால தள்ளுனாப் போதும், சத்தமே இல்லாம மூடும். அத்தனையில ஒண்ணு கூட..."

அங்கே நின்றுவிட்டார்.

மச்சினன் கவனிக்கவில்லை, அவனுக்குப் போன் வந்துவிட்டது. மனைவி கவனித்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் கதவைப் பற்றிய பேச்சைப் பாதியில் விட்டு அவள் பார்த்ததே இல்லை. தம்பியைக் காபி கொடுத்துக் கிளப்பிவிட்டு, எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கூட?"

"ஒண்ணு" என்றார் கடைசியில்.

கப்பலில் நடைபாதைக்கு இந்தப் பக்கத்து அறைகளும் அந்தப் பக்கத்து அறைகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாறியிருக்கும். கடைசி நாள், கடைசி அறை, எண் நானூற்றுப் பதினாறு. உபரியாக வந்திருந்த இடப்பக்கத்துக் குளியலறைக் கதவை வலப்பக்கத்து அறையில் மாட்டிவிட்டார். கதவின் பின்னால் ஒட்டும் சீட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. கருவிப் பெட்டியை மூடும்போதுதான் தப்பு கண்ணில் பட்டது. அதற்குள் போர்மேன் விசில் அடித்துவிட்டார்: கப்பல் நிற்கிற காய்ந்த பள்ளத்தில் தண்ணீர் விட்டு மிதக்கவிடப் போகிறார்கள், எல்லோரும் இறங்குங்கள். இவரும் இறங்கிவிட்டார்.

"செக் பண்ண வந்தவங்க கண்டுபிடிக்கலையா?"

"கரையில கப்பல் ஆடாதே. ஆடாத வரைக்கும் அது நல்ல கதவுதான். ஆனா கைப்பிடி இப்ப அலமாரிப் பக்கம் வந்துடுச்சு. கடல்ல லேசா சாஞ்சா, பக்கத்துல இருக்கற அலமாரிக் கதவு தானா திறந்துக்கும். ரெண்டு கைப்பிடியும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். குளிக்கப் போன ஆளு, யாராவது வெளியிலேருந்து வந்து எடுத்துவிடற வரைக்கும் உள்ளேதான்."

"சோப்போடயா?"

"சோப்போடதான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சிரிக்காதே. வயசானவங்க யாராவது தனியா வந்து தங்குனா? நாலு மாசமா குளிக்கப் போறப்பெல்லாம் இதே ஞாபகம். கதவைத் தாழே போடறதில்லை" என்றார். "அந்தக் கப்பல்ல ஏறி, விருந்தாளி மாதிரி எப்படி உக்காந்து சாப்பிடறது?"

சிரிப்பு நின்றது. நாலு மாதமாகக் குளியலறைக் கதவு ஏன் திறந்தே கிடக்கிறது என்று அவளும் யோசித்ததுண்டு.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"மில்லிமீட்டர்னு பேரை வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட சொல்ல? வேணும்னா ஒண்ணு பண்ணலாம். அந்த ரூமையே நமக்குக் கேட்டு வாங்கிடலாம். வேற யாரும் மாட்டிக்க மாட்டாங்க. ஆனா..."

"ஆனா?"

"அதுல ஜன்னல் கிடையாது."

அவள் முகம் விழுந்துவிட்டது. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, அந்தக் கதவைச் சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"கீலைக் கழட்டி அந்தப் பக்கம் மாத்தணும். ஒரு நாப்பது நிமிஷம்."

"நாப்பது நிமிஷ வேலைக்கா என்னோட ஏழு நாளைக் காவு கொடுக்கப் பாத்தீங்க? நல்லா இருக்கே நியாயம்!"

படிவத்தை இழுத்து வைத்து விறுவிறுவென்று எழுதினாள். 'தனிப்பட்ட தேவைகள் ஏதேனும்' என்ற கட்டத்தில், மற்றவர்கள் சர்க்கரை இல்லாத காபி என்று எழுதுகிற இடத்தில், அவள் எழுதியிருந்தது இது:

"எனக்கு, கடல் தெரிகிற ஜன்னல். என் கணவருக்கு, ஆட்கள் ஏறுவதற்கு முன் 416ஆம் அறையில் நாற்பது நிமிடம். குளியலறைக் கதவைத் தப்பாக மாட்டிவிட்டார். அவரே சரிசெய்வார்."

கீழே கையெழுத்துக்கு இடம். அவருடைய கையெழுத்துக்கு.

படித்தார். இது ஆபீசுக்குப் போகும். அங்கேயிருந்து போர்மேன் கைக்குப் போகும். மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். காது மடல் சுட்டது. நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்து ஒரு சொல்லை அழுத்தி அடித்தார்.

"என்னத்தை அடிக்கறீங்க?" என்று அவள் பதறிப்போய்க் காகிதத்தைப் பிடுங்கினாள்.

'தப்பாக' அப்படியே இருந்தது. 'நாற்பது'தான் போயிருந்தது. அதன் மேல் சின்ன எழுத்தில் 'முப்பத்தைந்து' என்று எழுதியிருந்தார்.

"குடு இப்படி" என்று காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.