வேலியில் நின்ற ஆடுகள்

மொன்டானாவின் அந்தப் புல்வெளிப் பக்கத்தில் கவைக்கொம்பு மானை எல்லோரும் ஆடு என்றுதான் சொல்வார்கள். வேலி பார்க்கும் டார்லாவும் திங்கட்கிழமை காலையில் அப்படித்தான் சொன்னாள்.

"அறுபது ஆடு வடக்கு வேலியில நிக்குது சார். பனி வர்றதுக்குள்ள அதுங்க தெக்கே போகணும். அடிக்கம்பியைத் தூக்கிக் கட்டறேன், கையெழுத்துப் போடுங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றார் இயக்குநர் விக்கம்.

அந்த வனவிலங்குக் காப்பகத்தைச் சீரமைக்க பாஸ்டனிலிருந்து வந்தவர். வந்ததும், முழங்கால் உயரத்தில் இருந்த வழவழப்பான அடிக்கம்பியை எடுத்துவிட்டு, கணுக்கால் உயரத்தில் முள்கம்பி இழுக்கச் சொன்னார். அப்போதுதான் வேலி பார்க்க நெருக்கமாக இருக்குமாம். தன் கையெழுத்து இல்லாமல் வேலியைத் தொட்டால் வேலை போய்விடும் என்று சுற்றறிக்கையும் விட்டார்.

புதன்கிழமை பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்வால் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"என் ஆடுகளை உடனே ஓட்டிட்டுப் போகணுமாம், உங்க ஆளு எழுதியிருக்காரு. எங்கிட்ட முந்நூறு மாடு இருக்கு, ஒரு கிழட்டுப் பூனை இருக்கு. ஆடு எங்கம்மா இருக்கு?"

டார்லா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். விக்கமின் மேசைமேல் அதே மானின் படம் சட்டம் போட்டு நிற்கிறது. அதன் லத்தீன் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

விக்கமை வண்டியில் ஏற்றி வேலிக்குக் கூட்டிப்போனாள். வடக்கே வானம் சாம்பலாக இறங்கியிருந்தது. மான்கள் கம்பியோரமாகப் போவதும் திரும்புவதுமாக இருந்தன. ஒன்றின் முதுகில் முள் கிழித்த ரத்தம்.

"இது மானாச்சே" என்றார் விக்கம். "மான்னா தாவிடுமே."

"இது தாவாது சார். குனிஞ்சு அடியில பூந்துதான் போகும்."

"பழகிக்கும். வெள்ளிக்கிழமை குழுவைக் கூட்டிப் பேசறேன்."

முதல் பனித்துகள் அவருடைய புதுத் தொப்பியில் விழுந்தது. டார்லா குறடை எடுத்தாள். கம்பத்துக்குக் கம்பம் பிடிப்பைக் கழற்றி, அடிக்கம்பியை மேல்கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போனாள். பத்தாவது கம்பம் தாண்டியதும் ஒரு கிழப் பெட்டை மான் வயிறு தரையில் உரச நுழைந்து அந்தப் பக்கம் எழுந்தது. மற்றவை அதன் பின்னால் ஓடின.

"முதல்லயே மான்னு சொல்லியிருக்கலாமே" என்றார் விக்கம்.

"சொல்லியிருந்தா மூணு நாளா அதுங்களுக்குத் தாவக் கத்துக் குடுத்திருப்பீங்க."

"கையெழுத்து இல்லாம தொட்டுட்ட டார்லா. விதி உனக்குத் தெரியும்."

"தெரியும்." குறடை அவர் கையில் வைத்தாள். "இன்னும் அரை மைல் பாக்கி இருக்கு, நீங்களே கட்டிடுங்க. கீழ இருக்கிற கம்பியிலதான் முள் இருக்கு. தெரியாம பிடிச்சுடாதீங்க."